மெண்டர் புக்கில் சுகந்தியின் பக்கம்

இந்த வருடம் டியூட்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று நம்பிக் கேட்டிருப்பார்கள். நான் நல்ல வார்த்தைக்குப் பேர் போனவள் இல்லை. முப்பத்தோரு வருடம் திருவனந்தபுரத்து வார்டுகளில் நர்சிங் பிள்ளைகளை மேய்த்தேன். அவர்கள் எனக்கு வைத்த பெயர் சிஐடி. என் காதுபடவே சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

சந்தேகம் அப்பாவிடமிருந்து வந்தது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடையில் வேலை பார்த்தார். மூட்டைமேல் எழுதிய எடையை நம்பாமல் மறுபடியும் தராசில் ஏற்றிப் பார்க்கிற மனிதர். நானும் அப்படித்தான். காய்ச்சல் இல்லை என்று சார்ட் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சாப்பிட்டேன் என்று நோயாளி சொன்னால் தட்டைத் திறந்து பார்ப்பேன். வயிற்று வலி என்று லீவு கேட்டு வரும் பிள்ளையிடம் எந்தப் பக்கம் வலி என்று கேட்பேன். பத்து நிமிஷம் வேறு கதை பேசிவிட்டு மறுபடி கேட்பேன். பக்கம் மாறினால் லீவு கிடையாது.

வார்டில் இந்தக் குணம் சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் சந்தேகத்தை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்யப்போவதில்லை. யாரைச் சந்தேகப்படுவது என்பதில் ஒரு முறை மோசமாகத் தவறினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அவள் பெயரை மாற்றி சுகந்தி என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் வருட மாணவி. வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவள். மற்றவர்களிடம் மலையாளம் பேசுவாள், என்னிடம் தமிழ். கல்லூரி வழக்கப்படி ஒவ்வொரு டியூட்டருக்கும் பத்துப் பிள்ளைகள் பொறுப்பு. மாதம் ஒரு தடவை ஒவ்வொருத்தியோடும் தனியாக உட்கார்ந்து படிப்பு எப்படி, உடம்பு எப்படி, மனசு எப்படி, வீட்டில் எப்படி என்று கேட்க வேண்டும். கேட்டதை மெண்டர் புக்கில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் அந்த வருடம் மெண்டராக இருந்த பத்துப் பேரில் சுகந்தி ஒருத்தி.

மூன்றாம் வருடம் எப்படிப் பிழியும் என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் அதில் பிழிபட்டுத்தானே வந்தீர்கள். காலை ஏழு மணிக்கு வார்டு, மதியம் வகுப்பு, சாயங்காலம் உட்கார்ந்து ரெக்கார்டு எழுத வேண்டும். இதற்கு மேல் என் சொந்தச் சட்டம் ஒன்று இருந்தது. சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பிள்ளை அந்த வாரத்து ரெக்கார்டு முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். காலிக் கட்டம் என்றால் நோயாளியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பேன். பிள்ளைகள் பயந்தார்கள், கட்டங்கள் நிறைந்தன. என்னைப் போல் கண்டிப்பானவள் உண்டா என்று நான் திருப்தியாக இருந்தேன்.

சுகந்தி லீவு கேட்க மாட்டாள். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. மற்ற பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக்கூட அவளே வாங்கிச் செய்வாள். டியூட்டர்கள் அறையில் எல்லாரும் அவளைப் பாராட்டுவார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. இருபது வயதுப் பெண் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக் கேட்டு வாங்குகிறாள் என்றால் அதன் பின்னால் ஏதோ இருக்கிறது. வார்டில் யாரோ இருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். என் புத்தி அப்போது அந்த ஒரு வழியில்தான் ஓடியது.

ஒரு மார்ச் மாதக் காலையில் பெண்கள் வார்டில் ரவுண்ட்ஸ் வந்தேன். சுகந்தி குறித்து வைத்திருந்த சார்ட்டைப் பார்த்தேன். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் எட்டுப் படுக்கைக்கும் இருபது. எட்டுப் பேர் ஒரே கணக்கில் மூச்சு விடுவார்களா? எட்டாவது படுக்கையில் ஆஸ்துமாவோடு வந்த ஒரு அம்மா. கிழக்கேக்கோட்டையில் பூக்கட்டி விற்கிறவர். அவருக்கும் இருபது என்றுதான் எழுதியிருந்தது. நான் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணினேன். முப்பத்து நாலு. உதடு லேசாக நீலம் பாயத் தொடங்கியிருந்தது.

அடுத்த அரைமணி நேரத்தில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“அந்தக் குட்டிய ஏசாதீங்க டீச்சரே. மூணு வாட்டி வந்து என் கையப் பிடிச்சிட்டு நின்னா, கேட்டோ. பாவம், அது மொகமே செரியில்ல.”

பிள்ளைகளைக் காப்பாற்ற நோயாளிகள் பொய் சொல்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். சுகந்தியைக் கூப்பிட்டேன்.

“எண்ணினியா?”

“எண்ணினேன் மிஸ்.”

“எட்டு பேருக்கும் இருபதா?”

கண்ணில் தண்ணீர்கூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழாத பிள்ளை கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். சார்ட்டை எடுத்துக்கொண்டு நேரே பிரின்சிபாலிடம் போனேன். பார்க்காமல் எழுதுவது எங்கள் தொழிலில் மன்னிக்கிற குற்றம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை என்குயரி, வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்று முடிவானது. குற்றம் உறுதியானால் அவள் அந்த வருடத்தை இழப்பாள். படிப்பே நின்றுபோகவும் கூடும்.

எனக்கு ஆறவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஹாஸ்டலில் போய் வெளியே போகிற பிள்ளைகள் எழுதும் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். சில மாதங்களாகச் சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு ‘வீடு, வித்துரா’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் ஏழு மணிக்குத் திரும்பி வந்ததாகக் கையெழுத்து இருந்தது. வித்துராவுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஏறி, அம்மாவைப் பார்த்துவிட்டு ஏழு மணிக்குள் யாராலும் திரும்ப முடியாது. மாட்டினாள் என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

என்குயரிக்கு முந்தின சனிக்கிழமை நான் ஓர் ஆட்டோ பிடித்து அவளைப் பின்தொடர்ந்தேன். சிரிக்காதீர்கள். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். வித்துரா பஸ் வந்தது. அவள் ஏறினாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் மணிக்கயிற்றில் கை வைக்கிற நேரத்தில் எழுந்து இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. ஆள் இப்போது வருவான் என்று காத்திருந்தேன், யாரும் வரவில்லை. அடுத்த வித்துரா பஸ்ஸிலும் ஏறினாள், உட்கார்ந்தாள், புறப்படும்போது இறங்கினாள். மூன்றாவது பஸ்ஸிலும் அதேதான். வராத ஒருவனுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றதில் என் கால் வீங்கிவிட்டது.

மூன்றாவது பஸ் போனதும் அவள் நேராக என் தூணை நோக்கி வந்தாள்.

“மிஸ், ரொம்ப நேரமா நிக்கிறீங்க. அந்த பெஞ்சுல உக்காருங்க. கால் வலிக்கும்.”

“எப்ப பாத்தே என்னை?”

“ஆட்டோல இருந்து எறங்கும்போதே பாத்தேன் மிஸ்.”

மானம் போனது என்றால் அப்படிப் போனது. போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் ஒரு சாண் இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாகத்தான் தொடங்கினேன்.

“வீட்டுக்குப் போறேன்னு எழுதிட்டு இங்க என்ன செய்றே?”

“போகணும்னுதான் வாறேன் மிஸ். ஏறி உக்காந்ததும் பயமாயிருது. அம்மா மொகத்தப் பாத்தா எல்லாத்தையும் சொல்லிருவேன்.”

“எதைச் சொல்லிருவே?”

“என்னால முடியலன்னு.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளாகவே பேசினாள். எத்தனையோ நாளாக யாராவது பக்கத்தில் உட்காருவார்களா என்று காத்திருந்த மாதிரி பேசினாள். படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஹாஸ்டலில் சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கிறது. அதனால்தான் மற்றவர்களின் டியூட்டியை வாங்குகிறாள். வார்டில் இதைச் செய் அதைச் செய் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், யோசிக்க வேண்டாம். சோறு இறங்குவதில்லை. லயத்தில் எல்லாரும் அவளை இப்போதே சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன தடவை போனபோது பிரஷர் பார்க்க வாசலில் எட்டுப் பேர் நின்றார்களாம்.

“அன்னிக்கு சார்ட்டுல இருபது இருபதுன்னு எழுதினது?” என்று கேட்டேன்.

“நான் எண்ணினேன் மிஸ். சத்தியமா எண்ணினேன். பத்து பன்னெண்டு வரும்போது எத்தனன்னு மறந்துருது. திரும்ப மொதல்ல இருந்து எண்ணினேன். அந்தப் பூக்கார அம்மாவுக்கு மூணு வாட்டி எண்ணினேன். நிக்கல. கட்டத்த காலியா விட்டா நீங்க எல்லாத்தையும் திருப்பி எழுதச் சொல்வீங்க. இன்னொரு வாட்டி எழுத எனக்கு தெம்பு இல்ல மிஸ். அதான் இருபதுன்னு போட்டேன்.”

பல நாள் சரியாகத் தூங்காதவள் எண்ண முடியாமல் நிற்கிறாள், என் சட்டத்துக்குப் பயந்து ஒரு பொய்யை எழுதுகிறாள், அந்தப் பொய்யில் ஒரு பெண் சாகப் பார்க்கிறாள். பூக்கார அம்மா சொன்னது அப்படியே உண்மை. முகம் சரியில்லை என்பதை மூச்சு முட்டும்போதே அவர் கவனித்துவிட்டார்.

அப்போது நான் செய்த ஒன்றை மட்டும் தயங்காமல் பின்பற்றச் சொல்வேன். நேராகக் கேட்டேன்.

“சாகணும்னு தோணுதா மோளே?”

இப்படிக் கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பயப்படாமல் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்துத்தான் பதில் வரும். அவள் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“சாகணும்னு இல்ல மிஸ். காலைல எந்திரிக்காம அப்படியே இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணும். இப்ப தெனமும் தோணுது.”

அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். நானும் அழுதேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் மகளை ஊருக்கு அனுப்பிவைக்கும் அம்மா என்று நினைத்திருப்பார்கள். அங்கிருந்தே மனநல நர்சிங் எடுக்கும் டியூட்டருக்கு போன் செய்தேன். அவர் ஒரு டாக்டரை ஏற்பாடு செய்தார், அன்றே போய்ப் பார்த்தோம். தனியாக விடக் கூடாது, மருந்து தொடங்க வேண்டும், வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அவள் சம்மதித்ததும் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். ஹாஸ்டலுக்கு அனுப்பாமல் என் வீட்டில் என் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து சேர்ந்தார். மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை என்குயரி. டாக்டரின் சீட்டைக் காட்டினால் பிரின்சிபால் தள்ளிவைப்பார் என்று நினைத்தேன். அவர் மோசமானவர் இல்லை, ஆனால் எதையும் பேப்பரை வைத்துத்தான் பேசுவார். சார்ட், வருகைப் பதிவு, மெண்டர் புக் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார். காலையில் மெண்டர் புக்கை எடுத்துச் சுகந்தியின் பக்கத்தைத் திறந்தேன்.

ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம். பத்துக் கட்டமும் நிறைந்திருந்தன. பத்திலும் ஒரே வரிதான்: நல்ல நிலையில் இருக்கிறாள், குறை எதுவும் இல்லை. கீழே அவள் கையெழுத்து. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று மார்ச் தொடக்கத்தில் ஒரே நாளில், ஒரே பேனாவில், பத்துப் பேருக்கும் நான் எழுதித் தள்ளியது அது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன். எல்லா டியூட்டரும் அப்படித்தான் செய்தோம். இந்த வருடமும் நம் அலமாரியில் அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

பிரின்சிபால் அறையில் நாங்கள் நாலு பேர். அவர், நான், சுகந்தி, அவள் அம்மா. பிரின்சிபால் சார்ட்டைப் பற்றி மலையாளத்தில் பேசிக்கொண்டே போனார். சுகந்தியின் அம்மாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனால் அவர் கண் மேசைமேல் திறந்து கிடந்த மெண்டர் புக்கில் இருந்தது.

“டீச்சர், எம்பிள்ள போட்டோ ஒட்டியிருக்கே. அதுல என்ன எழுதியிருக்கு?” என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

பிரின்சிபால் சட்டென்று புத்தகத்தை மூடினார்.

“அது இன்ஸ்பெக்ஷனுக்கு உள்ள புக்கு தானே. இப்போ அது வேண்டா டீச்சரே.”

நான் யோசிக்கக் கிடைத்தது சில நொடிதான். அது முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. நான் என்ன வாசித்தாலும் அந்த அம்மா நம்பியிருப்பார். பிள்ளை சோர்வாகத் தெரிந்தாள், ஆறுதல் சொல்லப்பட்டது என்று ஒரு வரி போட்டு வாசித்திருந்தால் பிரின்சிபாலும் மறுத்திருக்க மாட்டார். என் ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. புத்தகத்தைத் திறந்து, உள்ளதை உள்ளபடி தமிழில் வாசித்தேன்.

“ஜூன். நல்ல நிலையில் இருக்கிறாள், குறை எதுவும் இல்லை. ஜூலை. நல்ல நிலையில் இருக்கிறாள், குறை எதுவும் இல்லை.”

“பிள்ள ஓணத்துக்கு வந்துட்டுப் போனவதான் டீச்சர், அப்புறம் வரல. சட்டையெல்லாம் தொளதொளன்னு கெடந்துச்சு. ஒரு வாய் சோறு எறங்கல. அந்த மாசம் என்ன எழுதியிருக்கு?”

செப்டம்பருக்குப் போனேன். “நல்ல நிலையில் இருக்கிறாள், குறை எதுவும் இல்லை.”

“மிச்சத்தையும் வாசிங்க.”

வாசித்தேன். மார்ச் வரை வாசித்தேன்.

“எல்லா மாசமும் ஒண்ணுபோலவே இருக்கே. அவகிட்ட கேட்டா எழுதினீங்க?”

“இல்லம்மா. ஒரு தடவகூட கேக்கல. எல்லாத்தையும் ஒரே நாள்ல உக்காந்து எழுதினேன்.”

அவர் கோபப்படவில்லை. மேசைமேல் ஒரு பக்கம் சார்ட், இன்னொரு பக்கம் புத்தகம். இரண்டையும் பார்த்துவிட்டு, உண்மையாகவே புரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார்:

“அப்ப எம்பிள்ள என்ன தப்புப் பண்ணிட்டான்னு எங்கள வரச் சொன்னீங்க?”

பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நோயாளியின் உயிர் அந்தக் கட்டத்தில் தொங்கியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சுகந்தி மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பொய் எழுதினாள். நான் அவளை ஒரு தடவைகூடக் கேட்காமலே எழுதினேன். இரண்டையும் சேர்த்தே விசாரியுங்கள் என்று அன்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. சுகந்திக்குத் தண்டனை இல்லாமல் ஆறு மாத மருத்துவ விடுப்பு கிடைத்தது. ரெக்கார்டைத் திருப்பி எழுதும் சட்டத்தை நானே எடுத்தேன். எண்ண முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு என்னைக் கூப்பிடு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் அதை நம்பி முதல் கட்டத்தைக் காலியாக விட இரண்டு மாதம் ஆயிற்று.

ஆறு மாதம் கழித்து அவள் ஜூனியர்களோடு சேர வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. மெண்டராக யார் வேண்டும் என்று அவளையே கேட்டோம். என் பெயரைத்தான் சொல்வாள் என்று நான் சிரித்த முகமாகக் காத்திருந்தேன். தம்பானூர் பெஞ்சில் சேர்ந்து அழுதவர்கள் இல்லையா நாங்கள்? அவள் மனநல நர்சிங் டியூட்டரின் பெயரைச் சொன்னாள். வெளியே வந்ததும் என்னிடம் வந்து நின்றாள்.

“தப்பா நினைக்காதீங்க மிஸ். நீங்க எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னுதான் என் வாய்ல வரும். பயந்து பயந்து அப்படியே பழகிப்போச்சு.”

எனக்கு வலித்தது. ஆனால் அவள் சொன்னது சரி, அதனால் அவள் கேட்டவரிடமே அவளை அனுப்பினேன்.